உயிர்காக்கும் பையும் விமானப் பயணமும்

விமானத்தில் ஏறி ஆசனத்தில் அமர்ந்ததும் பணியாளர் ஒருவர் முன்னால் நின்று சில விளக்கங்களைத் தருவார். ஆசனத்தின் கீழே உயிர்காப்பு அங்கி இருக்கிறது என்பார். தேவை ஏற்பட்டால் தலைக்கு மேலிருந்து ஒட்சிசன் முகமூடி விழும் என்பார். அவசர வாசலைத் திறந்தால் சறுக்குப் பாதை ஊதிப் பெருகி வெளியே விரியும் என்பார். பலமுறை பயணம் செய்தவர்கள் இதைக் கவனிப்பதுகூட இல்லை.

ஆனால் இம்மூன்றையும் சற்று நினைத்துப் பாருங்கள். உயிர்காப்பு அங்கிக்குள் அமுக்கி அடைக்கப்பட்ட காபனீரொட்சைட்டு வாயு இருக்கிறது. பல விமானங்களில் ஒட்சிசன் முகமூடியின் பின்னால், பற்றவைத்ததும் கடுமையாகச் சூடாகி ஒட்சிசனை வெளியிடும் இரசாயனப் பொருள் இருக்கிறது. சறுக்குப் பாதையோடு பெரிய வாயுச் சிலிண்டர் இணைக்கப்பட்டிருக்கிறது. இவற்றை ஒரு பயணி தன் பொதியில் போட்டுக்கொண்டு வந்தால் விமான நிலையத்தில் தடுத்து நிறுத்திவிடுவார்கள். அப்படியானால் விமானத்தின் கையில் இருக்கும்போது பாதுகாப்பாக இருக்கும் பொருள், நம் கையில் இருக்கும்போது மட்டும் ஆபத்தாகி விடுகிறதா?

இக்கேள்விக்கு விடை காண ஒரு விசித்திரமான பையை எடுத்துக்கொள்வோம். பனியே விழாத நம் நாட்டில் அதற்கு வேலை இல்லை. ஆயினும் அந்தப் பையின் கதை, நாம் ஒவ்வொருவரும் பொதி கட்டும்போது நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லித் தருகிறது.

மலையில் இறங்கும் வெள்ளைச் சுவர்

அல்ப்ஸ், ரொக்கி போன்ற மலைத்தொடர்களில் குளிர்காலம் முழுவதும் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. எல்லா அடுக்குகளும் ஒரேமாதிரி உறுதியானவை அல்ல. பலவீனமான ஓர் அடுக்கின் மேல் கனமான புதுப்பனி படிந்திருக்கும்போது, அதன்மேல் ஒரு மனிதர் சறுக்கிச் சென்றாலே போதும். அடுக்கு பிளந்து, சரிவு முழுவதும் கீழ்நோக்கிப் பாயத் தொடங்கிவிடும். இதுவே பனிச்சரிவு.

பனிச்சரிவில் அகப்பட்டவருக்கு முதல் எதிரி மூச்சுத்திணறல். ஓடும்போது மாவு போல இருக்கும் பனி, நின்றதும் இறுகிக் கல்லாகிறது. உள்ளே புதையுண்டவரால் விரலைக்கூட அசைக்க முடியாமல் போகலாம். முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அரை மணித்தியாலம் கடந்துவிட்டால் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே இம்மலைகளில் சறுக்குவோர் இருப்பிடத்தைக் காட்டும் வானொலிக் கருவி, பனியைக் குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, மண்வெட்டி ஆகிய மூன்றையும் கொண்டு செல்வார்கள். இவை புதைந்தவரைக் கண்டுபிடித்து எடுப்பதற்கு. புதையாமலே இருப்பதற்கு ஏதும் வழி உண்டா?

மிக்ஸர் டின் சொல்லும் பாடம்

வீட்டில் மிக்ஸர் டின் ஒன்றைப் பலமுறை குலுக்கிய பிறகு திறந்து பாருங்கள். கச்சானும் கடலையும் மேலே வந்திருக்கும். தூளும் நொறுங்கல்களும் அடியில் போய்ச் சேர்ந்திருக்கும். பல அளவான துகள்கள் ஒன்றாகக் குலுங்கும்போது சிறியவை இடைவெளிகளுக்குள் விழுந்து கீழே செல்கின்றன. பெரியவை மெல்ல மெல்ல மேலே தள்ளப்படுகின்றன. ஓடும் பனிச்சரிவும் குலுங்கும் துகள்களின் கூட்டமே. எனவே அதற்குள் அகப்பட்ட மனிதர் தம் உடலின் பருமனைத் திடீரெனப் பெரிதாக்கிக்கொள்ள முடிந்தால், அவர் மேற்பரப்பிலேயே தங்கும் வாய்ப்பு கூடும்.

இந்த உண்மை ஆய்வுகூடத்தில் பிறந்ததல்ல. 1970களில் ஜேர்மனியின் பவேரியா மாநிலத்தைச் சேர்ந்த ஹோஹெனெஸ்டர் என்ற வன அலுவலர், வேட்டையாடிய விலங்கைத் தோளில் சுமந்து சென்றபோது பனிச்சரிவில் அகப்பட்டும் தாம் புதையாமல் மேலேயே நின்றதைக் கவனித்தார். தோளில் இருந்த சுமை தம்மைப் பெரிதாக்கியதே காரணம் என்று உணர்ந்தார். அவருடைய எண்ணத்துக்கான உரிமத்தை 1980இல் பீற்றர் அஷாவர் என்பவர் வாங்கி, பல ஆண்டு உழைப்பின் பின் 1985இல் விற்பனைக்கு வரும் பொருளாக்கினார். அதுவே பனிச்சரிவுக் காற்றுப்பை.

பார்வைக்கு அது சாதாரண முதுகுப்பைதான். தோள்பட்டையில் ஒரு கைப்பிடி இருக்கும். பனி சரியத் தொடங்கியதும் அதைப் பலமாக இழுக்க வேண்டும். உடனே சில செக்கன்களில் சுமார் 150 லீற்றர் கொள்ளளவுள்ள பை தலைக்குப் பின்னால் ஊதிப் பெருகும்.

அது உண்மையில் பயன் தருகிறதா? 2014இல் வெளியான ஓர் ஆய்வு, பல நாடுகளில் நடந்த பனிச்சரிவு விபத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தது. கடுமையான சரிவில் அகப்பட்டவர்களுள் காற்றுப்பை ஊதாதவர்களில் நூற்றுக்கு 22 பேர் இறந்தனர். ஊதியவர்களில் நூற்றுக்கு 11 பேர் இறந்தனர். மரணம் பாதியாகக் குறைகிறது. முற்றாக இல்லாமற் போவதில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. ஐந்தில் ஒரு பங்கு விபத்துகளில் பை ஊதவே இல்லை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பையின் பழுது அல்ல. அணிந்திருந்தவர் கைப்பிடியை இழுக்கவில்லை, அல்லது இழுக்க முடியவில்லை. பையை வாங்கினால் மட்டும் போதாது. அதைச் சரியான நிலையில் வைத்திருக்கவும் பழகவும் வேண்டும்.

சிறு சிலிண்டருக்குள் அடைபட்ட சக்தி

இத்தனை பெரிய பையை ஒரு நொடிப்பொழுதில் நிரப்பும் காற்று எங்கிருந்து வருகிறது? பழைய வகைப் பைகளில் நைதரசன் அல்லது சாதாரண காற்று 200 முதல் 300 பார் வரையான அமுக்கத்தில் ஒரு சிறு சிலிண்டருக்குள் அடைக்கப்பட்டிருக்கும். மோட்டார் காரின் டயரில் இருப்பது ஏறத்தாழ 2 பார் மட்டுமே. அதைப்போல நூறு மடங்குக்குக் குறையாத அமுக்கம் இது.

விஞ்ஞானப் பிரிவு மாணவியருக்குப் போயிலின் விதி நினைவிருக்கும். கால் லீற்றர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் அமுக்கத்தில் வாயு இருந்தால், வெளியே வந்ததும் அது ஏறத்தாழ 50 லீற்றர் இடத்தைப் பிடிக்கும். மீதி 100 லீற்றரை என்ன செய்வது? வேகமாகப் பாயும் வாயு தன்னோடு வெளிக்காற்றையும் உறிஞ்சி இழுத்துச் செல்லும்படி குழாயை வடிவமைத்துள்ளனர். சில பைகளில் சிலிண்டரின் மூடியைத் துளைப்பதற்கு மிகச் சிறிய அளவு வெடிமருந்தும் உண்டு.

அமுக்கிய வாயு, வெடிமருந்து என்ற இரு சொற்களையும் விமான நிலையத்தில் சொன்னால் என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம். பையின் சிறப்பும் சிக்கலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கண்ணிமைக்கும் நேரத்தில் இயங்கத் தயாராக இருப்பதால்தான் அது மலையில் உயிரைக் காக்கிறது. விமானத்தில் கவலை தருவதும் அந்தத் தயார்நிலையே. 150 லீற்றர் என்பது பெரிய எண்ணெய்ப் பீப்பாயின் முக்கால் பங்கு. தலைக்கு மேலுள்ள பொதித்தட்டில், பறக்கும் நேரத்தில், யாரோ கைப்பிடியை இழுத்துவிட்டால் என்னவாகும்?

விதி என்ன சொல்கிறது?

இவ்வளவுக்குப் பிறகும் சர்வதேச விதி இந்தப் பையை முற்றாகத் தடைசெய்யவில்லை. நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. ஒரு பயணிக்கு ஒரு பை மட்டுமே. வாயு தீப்பற்றாததாகவும் நச்சுத்தன்மை அற்றதாகவும் இருக்க வேண்டும். வெடிமருந்து இருந்தால் அது 200 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். தற்செயலாக இயங்காதபடி பொதி செய்ய வேண்டும். பை வெடிக்காமல் அமுக்கத்தை வெளியேற்றும் வால்வு இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றிருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உள்ளே இருப்பது என்ன? எவ்வளவு? தானாக இயங்காமல் தடுத்திருக்கிறீர்களா? தவறி இயங்கினால் என்ன ஆகும்? விமானத்தில் எடுத்துச் செல்வது யாருக்குத் தெரியும்? இவற்றுக்கு விடை இருந்தால் வழி திறக்கிறது.

நாட்டுக்கு நாடு நடைமுறை வேறுபடுவதும் உண்டு. அமெரிக்காவின் விமான நிலையப் பாதுகாப்புப் பிரிவு வாயுச் சிலிண்டர்களுக்குப் பொதுவாக ஒரு விதியை வைத்திருக்கிறது. வால்வு முழுமையாகக் கழற்றப்பட்டு, சிலிண்டர் திறந்திருந்து, வெறுமையாக இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். உயிர்காப்பு அங்கியின் சிறு சிலிண்டர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே அங்கு பயணம் செய்யும் மலைச்சறுக்கு வீரர்கள் சிலிண்டரை வெறுமையாக்கிக் கொண்டு சென்று, போய்ச் சேர்ந்த ஊரில் மீண்டும் நிரப்பிக்கொள்வதே வழக்கம்.

இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. ஊர் போய்ச் சேர்ந்த களைப்பில், நிரப்பும் கடை மூடியிருப்பதால், 'நாளைக்குப் பார்ப்போம்' என்று வெறும் சிலிண்டரோடு மலைக்குச் சென்றால் முதுகில் இருப்பது வெறும் துணிப்பை. ஆனால் அதை அணிந்தவரின் மனதிலோ 'என்னிடம் காற்றுப்பை இருக்கிறது' என்ற துணிச்சல். பாதுகாப்பு இல்லாததைவிட, இருப்பதாக எண்ணிக்கொள்வது மோசமானது.

'வெறுமை' என்று எழுதிய பெட்டிகள்

விதிகள் மிகைப்படுத்தப்பட்டவை என்று எண்ணுவோருக்கு 1996 மே 11ஆம் திகதி நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்று வலூஜெட் நிறுவனத்தின் 592ஆம் இலக்க விமானம் அமெரிக்காவின் மியாமி நகரிலிருந்து அட்லாண்டாவுக்குப் புறப்பட்டது. ஏறிய சுமார் பத்து நிமிடங்களில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 110 பேரும் இறந்தனர்.

அந்த விமானத்தில் தீயை மூட்டியது ஒரு பாதுகாப்பு உபகரணம். வேறு விமானங்களிலிருந்து, காலாவதியானதால் கழற்றப்பட்ட ஒட்சிசன் பிறப்பாக்கிகள் ஐந்து அட்டைப் பெட்டிகளில் பொருள் அறையில் ஏற்றப்பட்டிருந்தன. முகமூடிகளின் பின்னால் இருக்கும் அதே கருவிகள். காலாவதியானவை என்றாலும் அவற்றுள் பல இன்னும் பயன்படுத்தப்படாதவை. இயங்குமுனையை மூடவேண்டிய சிறு பிளாஸ்ரிக் மூடிகள் பொருத்தப்படவில்லை. சரக்குப் பத்திரத்திலோ அவை 'வெறுமை' என்று குறிக்கப்பட்டிருந்தன.

குலுக்கத்தில் ஒன்று இயங்கியது. இயங்கும் பிறப்பாக்கியின் வெளிப்புறம் 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகும். அந்த வெப்பத்தில் பொதி தாள்களும் அருகில் ஏற்றப்பட்டிருந்த டயர்களும் பற்றின. அந்தப் பொருள் அறை காற்றுப் புகாதபடி அமைக்கப்பட்டிருந்தது. தீப்பற்றினாலும் ஒட்சிசன் தீர்ந்து தானாகவே அணைந்துவிடும் என்பதே அதன் பாதுகாப்பு முறை. ஆனால் அன்று எரிந்த பொருளே ஒட்சிசனை வழங்கிக்கொண்டிருந்தது. தீ அணையவில்லை.

இனி முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். விமானத்தின் கூரையில் அதே பிறப்பாக்கி இருக்கும்போது அது எங்கே இருக்கிறது, எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்பதெல்லாம் பதிவில் உள்ளன. அதைச் சுற்றி வெப்பத்தைத் தாங்கும் அமைப்பு உள்ளது. அட்டைப் பெட்டிக்குள் சென்றபோது அதைப் பற்றிய உண்மை தொலைந்துபோனது. பொருள் மாறவில்லை. அதைப் பற்றிச் சொல்லப்பட்டது மாறியது. 'வெறுமை' என்ற ஒரு பொய்யான சொல் 110 உயிர்களின் விலையானது.

அதன் பின்னர் இரசாயன ஒட்சிசன் பிறப்பாக்கிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதை அமெரிக்கா தடைசெய்தது. அத்தகைய பொருள் அறைகளில் புகை உணரியும் தீயணைப்பு அமைப்பும் கட்டாயமாக்கப்பட்டன. பயணியின் பொதியிலும் இக்கருவிக்கு அனுமதி இல்லை.

வாயுவுக்குப் பதில் மின்கலம்

வாயுச் சிலிண்டரின் தொல்லையைத் தவிர்க்க, சில நிறுவனங்கள் மின்விசிறியால் காற்றை உறிஞ்சி ஊதும் பைகளைச் செய்தன. சிலிண்டரும் இல்லை, நிரப்பும் வேலையும் இல்லை. ஆனால் விசிறியைச் சுழற்ற இலித்தியம் மின்கலம் வேண்டும். ஒரு விதியிலிருந்து தப்பி இன்னொரு விதிக்குள் நுழைந்தாயிற்று.

இலித்தியம் மின்கலத்தில் ஒரு கலம் பழுதாகிச் சூடானால் அது அடுத்த கலத்தையும் சூடாக்கும். இந்தத் தொடர் தாக்கம் தொடங்கிவிட்டால் நிறுத்துவது கடினம். பொருள் அறையின் தீயணைப்பு வாயுவுக்கும் அது எளிதில் அடங்காது. பயணிகள் பகுதியிலோ புகை வந்த உடனே யாராவது காண்பார்கள். பணியாளர்கள் நீரூற்றிக் குளிரச் செய்வார்கள். எனவேதான் தனியாக எடுத்துச் செல்லும் மின்கலங்களும் பவர் பேங்குகளும் கைப்பொதியில் மட்டுமே இருக்க வேண்டும், விமானத்தின் அடியில் செல்லும் பெரிய பொதியில் இருக்கக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள்.

அளவுக்கும் எல்லை உண்டு. 100 வாற்று-மணி வரை பொதுவாக அனுமதி. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் பயணியால் கொண்டுசெல்ல முடியாது. பவர் பேங்கில் மில்லி அம்பியர்-மணி மட்டும் எழுதியிருந்தால், அதை 1000ஆல் வகுத்து 3.7 வோல்ற்றால் பெருக்குங்கள். 20,000 என்றால் 74 வாற்று-மணி, அனுமதி உண்டு. 30,000 என்றால் 111, ஒப்புதல் வேண்டும்.

2025 ஜனவரி 28ஆம் திகதி தென்கொரியாவின் பூசான் நகரில் புறப்படத் தயாராக நின்ற எயார் பூசான் விமானம் தீப்பற்றியது. 176 பேரும் அவசர வாசல்களால் உயிர்தப்பினர். விமானத்தின் கூரை எரிந்துபோனது. தலைக்கு மேலுள்ள பொதித்தட்டில் இருந்த பவர் பேங்கே காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையாளர்கள் கூறினர். அதே ஆண்டு மார்ச் முதல் தென்கொரியா பவர் பேங்குகளை மேல்தட்டில் வைப்பதைத் தடைசெய்து, பயணியின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும்படி பணித்தது. எத்தனையோ முறை பறந்த, மிகச் சாதாரணமான ஒரு பொருள் அது.

வேறு சில பாதுகாப்புப் பொருட்கள்

தானாக ஊதும் உயிர்காப்பு அங்கியை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு எடுத்துச் செல்லலாம். அதில் பொருத்திய இரண்டு சிறு சிலிண்டர்களும் மேலதிகமாக இரண்டும் அனுமதிக்கப்படும். கடலில் உதவி கேட்டு எரிக்கும் தீச்சமிக்ஞைகளுக்கு எந்தப் பொதியிலும் இடமில்லை.

பெண்கள் தற்பாதுகாப்புக்காக வைத்திருக்கும் மிளகாய் ஸ்பிரேயைச் சர்வதேச விதி கைப்பொதியிலும் பெரிய பொதியிலும் தடைசெய்கிறது. மூடிய விமானத்துக்குள் அது கசிந்தால் விமானியின் கண்களும் எரியும் என்பதை நினைத்தால் காரணம் விளங்கும்.

பாதரச வெப்பமானி ஒன்றை உறுதியான உறையில் இட்டுப் பெரிய பொதியில் வைக்கலாம். பாதரசம் அலுமினியத்தை அரித்துப் பலவீனமாக்கும். விமானத்தின் உடலில் பெரும்பகுதி அலுமினியக் கலப்புலோகம்.

சுவாச நோயாளிகளின் ஒட்சிசன் சிலிண்டருக்கு முன் அனுமதி வேண்டும். பல நிறுவனங்கள் அதை ஏற்பதில்லை. காற்றிலிருந்து ஒட்சிசனைச் செறிவாக்கும் சிறு மின்கருவியை ஏற்கும் நிறுவனங்கள் பல. அதற்கும் முன்னரே அறிவித்து, மருத்துவரின் கடிதத்தையும் போதிய மின்கலங்களையும் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

நம் வீட்டுப் பொதி

நம்மில் பலருடைய வீடுகளில் யாராவது ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார், அல்லது போகத் தயாராகிறார். வாப்பாவுக்கோ நானாவுக்கோ பொதி கட்டும் இரவில் வீடே ஒன்றுகூடும். எடை பார்ப்போம், கயிறு கட்டுவோம், பெயர் எழுதுவோம். அப்போது இன்னொரு வேலையையும் சேர்த்துக்கொள்வோம். அமுக்கி அடைத்தது, தீப்பற்றுவது, தானாக இயங்குவது, மின்கலத்தால் வேலை செய்வது என்று பொதிக்குள் என்னவெல்லாம் இருக்கின்றன என ஒருமுறை பார்ப்போம். பவர் பேங்க் பெரிய பொதியில் இருந்தால் எடுத்துக் கைப்பொதியில் வைப்போம். உம்மும்மாவின் மருத்துவக் கருவி பற்றி விமான நிறுவனத்திடம் சில நாட்கள் முன்பே கேட்டு, அவர்கள் தந்த பதிலை அச்சிட்டு வைத்திருப்போம். அடுத்தவர் கட்டித் தந்த பொதியைத் திறந்து பார்க்காமல் வாங்கிச் செல்ல மாட்டோம்.

விமான நிலையத்தில் "உள்ளே என்ன இருக்கிறது?" என்று அலுவலர் கேட்கும்போது சிலருக்கு எரிச்சல் வரும். அது நம்மைச் சந்தேகிக்கும் கேள்வி அல்ல. பனிமலைக்குப் போகும் வீரரிடமும் அதையே கேட்கிறார்கள். 1996இல் அந்த ஐந்து பெட்டிகளை யாராவது திறந்து பார்த்து அதே கேள்வியைக் கேட்டிருந்தால் 110 குடும்பங்கள் தம் உறவுகளை இழந்திருக்க மாட்டா. கேட்பது அவர்களின் பொறுப்பு. அறிந்து, உள்ளதை உள்ளபடி சொல்வது நம்முடையது.